பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்



வானொலியைப் பற்றி எழுதப்பட்ட பாட்டுகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெயர்பெற்றவற்றில் பல, ஒப்பாரிப் பாட்டுகள். வானொலி உயிரோடு இருக்கும்போதே அதற்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, பாட்டும் பாடி முடித்துவிட்டார்கள். அந்த ஒப்பாரியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே வானொலிதான். தன் சாவுச் செய்தியைத் தானே வாசித்துவிட்டு, ‘அடுத்து வருவது’ என்று இன்னொரு பாட்டையும் போடும் துணிச்சல் வேறு எந்தச் சாதனத்துக்கு உண்டு?

இதைத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுவது கொஞ்சம் சங்கடம்தான். அந்தப் பாட்டுகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் தொலைக்காட்சி.

1979ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘பக்கிள்ஸ்’ என்ற குழு ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ என்ற பாட்டை வெளியிட்டது. வீடியோ வந்து வானொலி நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது என்பது தலைப்பின் பொருள். 1952இல், சின்னப் பையனாக இருந்தபோது, வானொலியில் கேட்ட ஒரு குரலை நினைத்து ஒருவர் ஏங்குகிறார். பாட்டின் கதை அவ்வளவுதான். அது அந்த ஆண்டே இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1981 ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது, அது காட்டிய முதல் பாட்டும் இதுதான். குற்றம் சாட்டப்பட்டவரே குற்றப்பத்திரிகையைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிக்கொண்ட கதை. எம்டிவி பின்னாளில் பாட்டைக் குறைத்துக்கொண்டு வேறு கேளிக்கைகளுக்குப் போய்விட்டது. வானொலி இன்னும் பாட்டுத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

1984இல் ‘குவீன்’ குழுவின் ‘ரேடியோ கா கா’ வந்தது. பாடியவர் பிரெடி மெர்க்குரி என்பதால் எழுதியவரும் அவரே என்று பலர் நினைப்பதுண்டு. எழுதியவர் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர். வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகன் மழலையில் ஏதோ சொல்ல, அதிலிருந்தே பாட்டின் பல்லவி பிறந்தது. வானொலியைத் தோழனாகப் பாவித்து, உன் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை என்று ஆறுதல் சொல்லும் பாட்டு அது. 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரங்கில், ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், எழுபதாயிரம் பேருக்கு மேல் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டினார்கள். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. எதில் பார்த்தது? தொலைக்காட்சியில்!

ஆனால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் வாயில் இன்றைக்கும் நிற்பது இவை இரண்டுக்கும் முந்தைய ஒரு பாட்டு. 1973இல் வந்த கார்ப்பென்டர்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’. அண்ணன் ரிச்சர்டும் ஜான் பெட்டிஸும் எழுத, தங்கை கேரன் பாடியது. கரோக்கே மேடையில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்து பாடக்கூடிய ஆங்கிலப் பாட்டுகளில் இது ஒன்று. அது இடம்பெற்ற இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை அவர்கள் ஒரு பழைய பாடல் வானொலி நிகழ்ச்சி மாதிரியே அமைத்தார்கள். கிட்டார் வாசித்த டோனி பெலூசோ நடுநடுவே அறிவிப்பாளர் போலப் பேசுவார். கேரன் 1983இல், 32 வயதில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்பவர்களுக்குத் துயரம் இரட்டிப்பு.

அந்தப் பாட்டு எதற்காக ஏங்குகிறது என்று பார்த்தால், பெட்டிக்காக இல்லை. காத்திருப்பதற்காக. பிடித்த பாட்டு எப்போது வரும் என்று வானொலி அருகே உட்கார்ந்திருந்த அந்த நேரத்துக்காக. இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் எந்தப் பாட்டும் அரை நொடியில் வருகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டு என்பது கூப்பிட்டால் வருகிற ஆள் இல்லை, விருந்தாளி. வந்தால் வந்ததுதான். பாதியில் அடுப்பில் பால் பொங்கினால், மீதிப் பாட்டு அடுத்த வாரமோ அடுத்த மாதமோ.

பழைய வானொலி நினைவுகளில் பெரும்பாலும் இரவு இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வளிமண்டலத்தின் மேலே, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் அடியில் இருப்பது பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடி அடுக்கு கரைந்துபோகும். அதற்கு மேலே இருக்கும் அடுக்கு, கண்ணாடி போல அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்பும். பகலில் கேட்காத தூரத்து நிலையம் இரவில் கேட்டது அதனால்தான். சிற்றலையில் பாட்டு அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வந்ததும் இந்த மேலடுக்குகளின் வேலை. அந்த ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடமான பாட்டை, இப்போது குறுந்தட்டில் தெளிவாகக் கேட்டால் ‘என்னமோ குறையுதே’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குறைவது இரைச்சல்!

தமிழில் வானொலியைப் பற்றிய பாட்டு உண்டா? எல்லாருக்கும் முன்னால் பாடியவர் பாரதியார். 1921இல் அவர் மறைந்தபோது இந்தியாவில் முறையான வானொலி ஒலிபரப்பு கிடையாது. சென்னையில் வானொலி மன்றம் தொடங்கியது 1924இல்தான். ஆனாலும் ‘பாரத தேசம்’ பாட்டில், வடக்கே ஓர் ஊரில் புலவர் பேசுவதைத் தெற்கே ஓர் ஊரில் இருந்து கேட்க ஒரு கருவி செய்வோம் என்று அவர் எழுதிவிட்டார். ஆங்கிலப் பாட்டுகள் வானொலிக்கு இரங்கல் பாடின. தமிழ்ப் பாட்டு அது பிறக்கும் முன்பே தாலாட்டுப் பாடியது. கவிஞர் கேட்க நினைத்தது புலவர் பேச்சு. ஜனங்கள் கேட்டது சினிமாப் பாட்டு என்பது வேறு விஷயம்.

இனி, இந்த மண்ணுக்கு வரலாம். 1946 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் ‘ரேடியோ மலாயா’ தொடங்கியபோதே மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இருந்தது. 1949இல் சிங்கப்பூரில் ‘ரெடிபியூஷன்’ வந்தது. அது காற்றில் வராமல் கம்பியில் வந்த வானொலி. மாதம் ஐந்து வெள்ளி சந்தா. காப்பிக் கடைச் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் லீ டாய் சோ கான்டனீஸ் மொழியில் கதை சொல்வார், கடையே வாயைப் பிளந்து கேட்கும். அந்த நிலையம் 2012 ஏப்ரல் 30ஆம் தேதி மூடப்பட்டபோது பலர் உண்மையாகவே அழுதார்கள்.

தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. லயத்தில் மின்சாரம் இல்லை. வால்வு ரேடியோ கிராணி வீட்டிலோ கங்காணி வீட்டிலோதான் இருக்கும். பேட்டரியில் ஓடும். உரிமக் கட்டணம் வேறு கட்டவேண்டும். இரண்டு கழிகளை நட்டு, நடுவில் கம்பி இழுத்துக் கட்டினால்தான் நிலையம் பிடிக்கும். போட்டவுடன் பாடாது. வால்வு சூடேறி, முள் நகரும் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்து, பிறகு மெதுவாகக் குரல் வரும். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அரசாங்கமே புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. 1950இல் அந்தப் பிரசாரப் பிரிவுக்குத் தலைமையேற்று வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி. பின்னாளில் பிபிசிக்கே தலைமை இயக்குநர் ஆனவர். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான செய்தி மக்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. செய்தி முடிந்து எப்போது பாட்டு வரும் என்பது கேட்டவர்களின் கணக்கு.

இங்கேதான் அந்த ஆங்கிலப் பாட்டுகளுக்கும் தோட்டத்து நினைவுக்கும் வித்தியாசம் தெரிகிறது. அங்கே பாடுகிறவர் தனி ஆள். தன் அறையில், தன் வானொலியோடு, தனிமையில் இருந்ததை நினைத்து உருகுகிறார். தோட்டத்தில் வானொலியைத் தனியாகக் கேட்டவர் யார்? கிராணி வீட்டு ஐந்தடியில் இருபது பேர். வாசலில் இன்னும் பத்து பேர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றபடியே கேட்டவர்களும் உண்டு. 1950களின் கடைசியில் கையடக்க டிரான்சிஸ்டர்கள் சந்தைக்கு வந்து, மெல்ல மெல்ல விலை இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு ஒரு பெட்டி என்று ஆயிற்று. அதற்குப் பிறகும் சத்தத்தைக் கூட்டி வைத்து லயத்துக்கே பாட்டுப் போட்டவர்கள்தான் அதிகம். ஒரு வீட்டுப் பாட்டை அடுத்த வீட்டார் திருடிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரியது. அன்று தோட்டத்தில் இருந்தவர்களிடம் வானொலி நினைவைக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கு முன்னால் அவர்கள் சொல்வது பெயர். விருப்பப் பாடல் நிகழ்ச்சியில் அவர்களுடைய பெயர் வந்த நாள். எந்த ஆண்டு, எந்த மாதம் என்பது மறந்திருக்கும். அறிவிப்பாளர் எப்படிச் சொன்னார் என்பது மறக்காது.

ஏன் என்று யோசித்தால் மனம் கொஞ்சம் கனக்கும். தோட்டத் தொழிலாளியின் பெயரை அன்றைக்கு யார் முழுதாகச் சொன்னார்கள்? விடியுமுன் பெரட்டில் நிற்கும்போது கூப்பிடுவது பாதிப் பெயர். செக்ரோலில் இருப்பது கிராணி ஆங்கில எழுத்தில் கிறுக்கிய பெயர். அடையாள அட்டை எடுக்கப் போனால், எழுதுகிறவரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. அப்பனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், மகனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் என்று ஒரே குடும்பம் ஏட்டில் மூன்று குடும்பமாகக் கிடந்ததும் உண்டு. துரை பங்களாவில் பெயருக்கே வேலையில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை, முகம் தெரியாத ஒருவர், திருத்தமான தமிழில், ‘திரு’ போட்டு, ‘திருமதி’ போட்டு, ‘செல்வி’ போட்டு, எழுத்தெழுத்தாக உச்சரித்தார். நாடு முழுக்கக் கேட்டது. ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் நின்றன. பிறகுதான் டி.எம்.சௌந்தரராஜன் பாடினார், பி.சுசீலா பாடினார்.

அதற்காக எவ்வளவு பாடு! முதலில் அஞ்சலட்டை வாங்கவேண்டும். எழுதத் தெரிந்த பையனைப் பிடிக்கவேண்டும், அல்லது தமிழ்ப் பள்ளி வாத்தியாரிடம் போய்த் தலையைச் சொறியவேண்டும். யார் யார் பெயரைப் போடுவது என்பதில் ஒரு சிறிய தேர்தலே நடக்கும். முதலில் அப்பா பெயர், பிறகு அம்மா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, நேற்றுப் பிறந்த கைக்குழந்தை வரைக்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் போச்சு. ‘என் பேரு மட்டும் உனக்குக் கசக்குதா’ என்று ஆரம்பித்து, குழாயடியில் ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போவதால் பாட்டின் நேரம் குறைந்ததும் உண்டு. பாட்டை முழுதாகக் கேட்க விரும்பியவர்களுக்கு எரிச்சல்தான். பட்டியலில் இருந்தவர்களுக்குப் பாதிப் பாட்டே தாராளம்.

அட்டை போட்ட பிறகு காத்திருப்பு. இந்த வாரம் வருமா, அடுத்த வாரம் வருமா? தபாலில் தொலைந்ததா? வீட்டில் ஒருவர் எப்போதும் காவல் இருக்கவேண்டும். கார்ப்பென்டர்ஸ் பாட்டில் வரும் காத்திருப்பு பாட்டுக்காக. இங்கே காத்திருப்பு தன் பெயருக்காக.

1979இல் டோனா சம்மர் பாடிய ‘ஆன் த ரேடியோ’ என்ற பாட்டு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. காதலன் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம், பழைய கோட்டின் ஓட்டை வழியாக எங்கோ விழுந்துவிடுகிறது. கண்டெடுத்த ஒருவர் அதை வானொலிக்குத் தர, அது வாசிக்கப்படுகிறது. பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குத் தன்னைப் பற்றித்தான் என்று புரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இது கற்பனை. இங்கே தோட்டத்துப் பையன்களுக்கு இது வாராந்தர வேலை! தன் பெயரைப் போட்டால் உதை விழும். அவள் பெயரைப் போட்டால் அவளுக்கு உதை விழும். ஆகவே ஒரு புனைபெயர், கூடவே பால்மரக் காட்டின் ஏதாவது ஒரு நிரை எண். பாட்டு ஒலிக்கும்போது அம்மா அரிசி களைந்துகொண்டிருப்பாள், அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். பாட்டு யாருக்கு என்று வீட்டில் தெரிந்த ஒரே ஆள் தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். கண்ணில் நீர் வந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள், வெங்காயம் கையில் இருக்கிறதே.

பிறகு தோட்டங்கள் கலைந்தன. 1950களின் இறுதியிலிருந்தே பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு என்ற சட்டம் இறுகியபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். அங்கே அப்போது தென்மாவட்டங்கள் கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்தன. இந்திய வானொலியில் திரைப்பாடலை 1952இல் அமைச்சர் கேஸ்கர் ஒடுக்கியதால் இலங்கை வானொலிக்கு அடித்த யோகம் அது. 1957இல் விவித பாரதி வந்தும் அந்தப் பழக்கம் உடனே விட்டுப்போகவில்லை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களைச் சொந்தக்காரர்கள் போலப் பெயர் சொல்லி உரிமை கொண்டாடினார்கள். கடல் தாண்டி வந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அங்கே பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் வாசிக்கப்படும் பெயர்களில் தெரிந்த பெயர் ஒன்றும் இராது. இங்கே மிஞ்சியவர்களும் செம்பனை வந்து, வீடமைப்புத் திட்டம் வந்து, பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். ஒரே லயத்தில் இருந்தவர்கள் நான்கு மாநிலங்களில் ஆனார்கள். விருப்பப் பாடலில் பழைய தோட்டத்தின் பெயரைக் கேட்டு, ‘அடடே, அவன் இப்போ கிள்ளானிலா இருக்கான்’ என்று உறவைக் கண்டுபிடித்ததும் அந்தக் காலத்தில்தான்.

இன்று மின்னல் எஃப்எம்மில் ஆனாலும் ஒலி 96.8இல் ஆனாலும் நேயரே பேசலாம். தொலைபேசியில் அழைத்து, தன் பெயரைத் தானே சொல்லி, வாழ்த்தையும் தானே சொல்லலாம். கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதும், மதிப்புக்குரிய ஒரு குரல் அதை எடுத்துச் சொல்வதும் ஒன்றாகுமா? அப்படிச் சொல்லப்பட்டவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியிருக்கிறார்கள். அந்த அட்டைகள் எங்கே? வாசித்து முடித்த அஞ்சலட்டையை யார் கட்டிக் காப்பாற்றுவார்கள்? காற்றில் போன பெயர்கள் காற்றோடு போயின. பாட்டுகள் மட்டும் குறுந்தட்டாகவும், இணையத்திலும் பத்திரமாக இருக்கின்றன. அரைகுறையாகக் கேட்டதெல்லாம் முழுதாக மிஞ்சியிருக்கிறது. முழுதாகக் காத்திருந்து கேட்டது மிஞ்சவில்லை. வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், எந்தப் பாட்டு என்று கேட்பதற்கு முன்னால், அதற்கு யார் யார் பெயர் வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். கையோடு கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் ஒரு லயத்தின் குடிக்கணக்கே கிடைத்துவிடும்.

அந்த அட்டையில் பாட்டுக்கு ஒரே வரிதான் எழுதுவார்கள். மீதி இடமெல்லாம் பெயர்கள். அடியில் இடம் தீர்ந்ததும் அட்டையைத் திருப்பிப் பிடித்து, ஓரத்தில் நெடுக்காக இன்னும் ஒரு பெயரை நெருக்கி எழுதுவார்கள். அது பெரும்பாலும் வீட்டுப் பாட்டியின் பெயராக இருக்கும். என் பெயர் எதற்கு, சின்னஞ்சிறுசுகள் பெயரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அட்டை வாங்க முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தவர் அவர்தான்.